வெண்கலத் தட்டும் லயமும்

மேல்நாட்டு முறையில் அமைந்த இசைக் குழு ஒன்றைக் கண்டவர்கள், டிரம் வாசிப்பவரைச் சுற்றித் தாங்கிகளின் மேல் பொன்னிறமாய் மின்னும் வட்டத் தட்டுகளைக் கவனித்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அவற்றைச் 'சிம்பல்' என்பர். அகராதியைப் புரட்டினால் 'கைத்தாளம்' என்று பொருள் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல் முழு நிறைவு அளிப்பதில்லை. கைத்தாளம் என்பது இணையாக இருப்பது. இரு கைகளிலும் பிடித்து ஒன்றோடொன்று தட்டப்படுவது. டிரம் வாசிப்பவரின் சிம்பலோ பெரும்பாலும் ஒற்றைத் தட்டு, குச்சியால் வாசிக்கப்படுவது. 'ஜால்ரா' என்று சொல்லலாம் என்றால், நம் அன்றாடப் பேச்சில் அச்சொல்லுக்கு ஏற்பட்டுவிட்ட பொருள் அதற்கு இடங்கொடுப்பதாயில்லை. ஆகவே சிம்பல் என்றே இவ்வுரையில் வழங்குவோம்.

பாட்டின் உச்சத்தில் 'படார்' என்று ஓர் ஓசை எழுப்புவதற்காகவே சிம்பல் இருக்கிறது என்பது பலருடைய எண்ணம். புதிதாக டிரம் பயிலத் தொடங்கும் இளைஞர்களும் இவ்வெண்ணத்துடனேயே குச்சியைக் கையில் எடுக்கிறார்கள். அதன் பயனாகச் சில மாதங்களில் தட்டில் விரிசல் காண்கிறது. அதற்கு முன்பே பாடுபவரின் சொற்கள் அந்த ஓசையில் மூழ்கிவிடுகின்றன. உண்மையில், ஜாஸ் இசையில் கடந்த எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காலப்பிரமாணத்தைத் தாங்கி நிற்பது டிரம்மின் தோல் அன்று, சிம்பலின் வெண்கலமே. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதற்கேற்பக் கையும் காலும் எவ்வாறு பழக வேண்டியிருக்கிறது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஐரோப்பிய இசைக்குச் சிம்பலை அளித்த நாடு துருக்கி. ஆட்டோமன் பேரரசின் படைகள் அணிவகுத்துச் செல்லும்போது பேரிகைகளோடும் ஊதுகுழல்களோடும் சிம்பல்களும் முழங்கின. கான்ஸ்டான்டிநோபிள் நகரில் வாழ்ந்த அவேதிஸ் என்னும் ஆர்மீனியர் பொன் செய்யும் இரசவாதத்தில் ஈடுபட்டிருந்தவர் என்றும், அந்த முயற்சியில் செம்பும் வெள்ளீயமும் கலந்த ஓர் உலோகக் கலவையைக் கண்டார் என்றும் அவருடைய குடும்ப வரலாறு கூறுகிறது. பொன் கிடைக்கவில்லை, ஆனால் நாதம் கிடைத்தது. சிம்பல் செய்பவனின் மகன் என்று பொருள்படும் 'ஸில்ஜியன்' என்ற பெயர் அரசவையில் அக்குடும்பத்துக்கு வழங்கப்பட்டது. 1623-இல் தொடங்கியதாகக் கருதப்படும் அப்பட்டறை, 1929-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்துக்குப் பெயர்ந்தது. அங்கு அதை நிறுவிய மூன்றாம் அவேதிஸ் அதற்கு முன் மிட்டாய் வியாபாரம் செய்து வந்தவர்! ஜாஸ் டிரம் கலைஞர்களோடு நெருங்கிப் பழகி, அவர்கள் விரும்பிய மெல்லிய தட்டுகளைச் செய்து கொடுத்தவரும் அவரே.

ஐரோப்பாவின் சங்கீத மேதைகள் துருக்கிய ஓசையில் மனம் பறிகொடுத்தனர். மோஸார்ட் 1782-இல் அரங்கேற்றிய இசை நாடகம் ஒன்றில் துருக்கியச் சூழலைக் காட்டவே சிம்பலைப் பயன்படுத்தினார். பீத்தோவனுடைய ஒன்பதாவது சிம்பொனியின் இறுதிப் பகுதியிலும் (1824) அதைக் கேட்கலாம். படை அணிவகுப்புகளின் பாண்டு வாத்தியத்தில் சிம்பல் நிலைபெற்றதும் இவ்வழியாகத்தான். டில்லியில் ஆண்டுதோறும் ஜனவரி 29-ஆம் நாள் விஜய் சௌக்கில் முப்படைகளின் பாண்டுகள் வாசிக்கும் நிகழ்ச்சியைக் காண்பவர்கள், தோல் வார்களில் கோத்த இணைச் சிம்பல்களைக் கையாளும் வீரரைச் சற்று உற்று நோக்க வேண்டும். அவர் இரு தட்டுகளையும் முகத்தோடு முகம் நேராக மோதுவதில்லை. அவ்வாறு மோதினால் இடையிலுள்ள காற்று சிறைப்பட்டு, 'பொத்' என்ற மந்தமான ஓசையே எழும். ஒரு தட்டின் விளிம்பு மற்றதன் விளிம்பைக் கணநேரம் முந்தித் தொடுமாறு சற்று விலக்கிச் சாய்த்து வீசுகிறார். அந்தச் சிறு விலகலிலிருந்துதான் முழு நாதமும் பிறக்கிறது. பின்னால் நாம் காணப்போகும் குச்சி வித்தைக்கும் இந்தச் சாய்வே அடிப்படை.

முதலில் பொருளை அறிவோம். உயர்ந்த சிம்பல்களில் நூற்றுக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்திருக்கும். மணிகள் வார்க்கும் வெண்கலத்தோடு ஏறத்தாழ ஒத்த கலவை இது. ஈயத்தின் பங்கு கூடக்கூட நாதம் வளம் பெறும். ஆனால் உலோகம் நொறுங்கும் இயல்பையும் அடையும். மலிவான தட்டுகள் வெள்ளீயம் குறைந்த தகட்டிலிருந்தோ பித்தளையிலிருந்தோ வெட்டப்படுபவை. தட்டின் நடுவிலுள்ள மேடு 'குமிழ்'. அதிலிருந்து சரிந்து செல்வது 'வளைவு'. எல்லையில் மெலிந்து முடிவது 'விளிம்பு'. குமிழைத் தட்டினால் கணீரென்ற மணியோசை. வளைவைத் தட்டினால் தெளிவான 'டிங்'. விளிம்பைத் தொட்டால் அலைபோல் விரியும் பேரோசை. ஒரே தட்டுக்குள் மூன்று வாத்தியங்கள் அடங்கியிருக்கின்றன எனலாம்.

வீணைத் தந்தியின் ஒலியில் ஆதார சுருதியும் அதற்கு இயைந்த மேல்சுருதிகளும் ஒழுங்காக அமைந்திருக்கும். சிம்பலில் அத்தகைய ஒழுங்கு கிடையாது. நூற்றுக்கணக்கான அதிர்வுகள் ஒன்றுக்கொன்று இயைபின்றி ஒரே சமயத்தில் எழுகின்றன. ஆகவேதான் அது எந்தச் சுருதியோடும் முரணாமல் ஒத்துப் போகிறது. பலமாகத் தட்டும்போது இன்னொரு விந்தையும் நிகழ்கிறது. தாழ்ந்த அதிர்வுகளில் புகுந்த சக்தி, சிறிது சிறிதாக உயர்ந்த அதிர்வுகளுக்கு மாறிச் செல்கிறது. தட்டிய கணத்தில் கேட்பது ஓர் ஒலி. அதற்குச் சற்றுப் பின்னர், மணல் சிதறுவதுபோல் மேலெழும் பளபளப்பான ஓசை வேறொன்று. வாசிப்பவரின் அதிகாரம் குச்சி தட்டைத் தொடும் கணத்தோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் உலோகம் தன் விருப்பப்படி பேசும். அது பேசுவதற்கு இடம் விடுவதே இக்கலையில் பாதி.

இனி டிரம் கலைஞரின் ஆசனத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் போன்ற நகரங்களில், தெருவில் பலர் சேர்ந்து வாசித்த பெரிய டிரம், சிறிய டிரம், சிம்பல் ஆகியவற்றை ஒருவரே அமர்ந்து வாசிக்கும் வழக்கம் உருவாயிற்று. காலால் அழுத்தும் மிதி அதற்குத் துணை செய்தது. அக்காலத்தில் லயத்தைச் சுமந்தவை பெரிய டிரம்மும் சிறிய டிரம்மும்தாம். சிம்பல் எப்போதாவது ஒரு முழக்கம், அவ்வளவே. அக்கால இசைத்தட்டுகளைக் கேட்டு நாம் எதையும் துணிந்து முடிவு கட்டவும் இயலாது. 1925-இல் மின்சார ஒலிவாங்கி வழக்கத்துக்கு வரும் முன், கூம்பு வடிவக் குழாயின் எதிரே வாசித்து நேரே மெழுகில் பதிவு செய்தார்கள். டிரம்மின் பலத்த அதிர்வு ஊசியைத் துள்ள வைத்துவிடும். 1923-இல் கிங் ஆலிவர் குழுவின் இசைத்தட்டுகள் பதிவானபோது, பேபி டாட்ஸ் என்ற மாபெரும் டிரம் கலைஞர் பெரும்பாலும் மரக்கட்டைகளைத் தட்டுவதோடு நிறைவடைய வேண்டியிருந்தது. ஒலிபரப்புத் துறையோடு தொடர்புடையோர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி இது.

1920-களில், காலால் மிதித்தால் இரு சிம்பல்கள் ஒன்றோடொன்று மூடிக்கொள்ளும் கருவி தோன்றியது. முதலில் அது கணுக்கால் உயரத்தில்தான் இருந்தது. காலுக்கு மட்டுமே எட்டியது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் தண்டை நீட்டி இடுப்பளவு உயர்த்தினார்கள். இப்போது கால் மூடித் திறக்க, கையிலுள்ள குச்சியும் அதே தட்டை வாசிக்கலாயிற்று. இதுவே 'ஹை-ஹாட்'. கவுன்ட் பேஸியின் குழுவில் 1930-களில் வாசித்த ஜோ ஜோன்ஸ், பெரிய டிரம்மின் பளுவைக் குறைத்து, ஓடும் நீரைப் போன்ற லயத்தை இந்த இணைத் தட்டுகளிலேயே நடத்திக் காட்டினார். கேட்போருக்குத் தாளம் இலேசாயிற்று. குழுவில் உள்ளவர்களுக்கோ ஒருவர் வாசிப்பது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கலாயிற்று.

ஹை-ஹாட் வாசிப்பில் கற்றுக்கொள்ள வேண்டியது முதலில் கால். நம் ஜால்ராவிலும் மூடிய ஓசை, திறந்த ஓசை என்னும் வேறுபாடு உண்டல்லவா? அங்கு விரல்கள் செய்வதை இங்குப் பாதம் செய்கிறது. இறுக மூடினால் 'டிக்' என்ற வறண்ட ஒலி. பாதத்தைச் சற்றே தளர்த்தினால் இரு விளிம்புகளும் உராய்ந்து 'ஷ்ஷ்' என்னும் ஓசை. முழுவதும் திறந்தால் நீண்ட முழக்கம். மிதியை மட்டும் அழுத்தி உடனே விட்டுவிட்டால், கையின் உதவியின்றியே சிறு அலையொன்று எழும். இரு தட்டுகளுக்கும் இடையே ஓர் அங்குல அளவு இடைவெளி இருந்தால் போதும். கீழ்த்தட்டின் தாங்கியில் சிறு திருகு ஒன்று இருக்கும். அதனால் அத்தட்டைச் சற்றே சாய்த்து வைத்தால் காற்று சிறைப்படாது. பாண்டு வீரரின் சாய்வை இங்குத் திருகு செய்கிறது. கையைப் பொறுத்தவரை, குச்சியின் நுனியை மேல்தட்டின் வளைவில் இட்டால் மென்மையும், குச்சியின் தோளை விளிம்பில் இட்டால் வன்மையும் கிடைக்கும். தோள் என்பது நுனிக்குக் கீழே குச்சி பருக்கத் தொடங்கும் பகுதி. மென்மையையும் வன்மையையும் மாற்றி மாற்றி வாசித்தால், வெறும் எண்ணிக்கையாக இருந்தது நடையாக மாறும்.

இதற்கடுத்த மாற்றமே மிகப் பெரியது. அதைச் செய்தவர் கென்னி கிளார்க் (1914–1985). 1930-களின் பிற்பகுதியில் டெடி ஹில் என்பவருடைய குழுவில் அவர் வாசித்து வந்தார். நடனத்துக்கான இசையில், ஒவ்வோர் அட்சரத்துக்கும் பெரிய டிரம்மை மிதிப்பது அந்நாளைய மரபு. மிகத் துரிதமான காலத்தில் அவ்வாறு இடைவிடாது மிதிப்பது கால் தாங்கும் காரியமன்று. கிளார்க் லயத்தை வலக்கையிலுள்ள பெரிய சிம்பலுக்கு மாற்றினார். காலை எதிர்பாராத இடங்களில் மட்டும் முத்தாய்ப்புப்போல் பயன்படுத்தினார். உடன் வாசித்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. தாளத்தை உடைக்கிறார் என்று குறை கூறினார்கள். வேலை போயிற்று. ஆனால் 1940-இல் அதே டெடி ஹில், நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் 'மின்டன்ஸ்' என்ற இசை விடுதியின் பொறுப்பை ஏற்றபோது, தாம் விலக்கிய கிளார்க்கையே அழைத்து வாசிக்கச் சொன்னார். தெலோனியஸ் மங்க் அங்குப் பியானோ வாசித்தார்; டிஸ்ஸி கில்லெஸ்பி போன்றோர் இரவுதோறும் வந்து கலந்துகொண்டனர். 'பீபாப்' என்னும் புதிய இசை அங்கு உருவாயிற்று. அதற்குரிய தரை, கிளார்க்கின் சிம்பல்தான் என்று சொல்வது மிகையாகாது.

லயத்தை ஏந்தும் இந்தப் பெரிய தட்டை 'ரைடு' என்பர். குறுக்களவு பெரும்பாலும் 20 முதல் 22 அங்குலம். அதில் வாசிக்கும் அடிப்படை நடையைச் சங்கீதம் அறிந்த தமிழர்க்கு எளிதில் விளக்கலாம். நான்கு அட்சரங்கள் கொண்ட சுற்று ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அட்சரத்தையும் திஸ்ரமாக மூன்றாகப் பகுத்துக்கொள்ளுங்கள். முதல் அட்சரத்தில் ஒரே தட்டு. இரண்டாவதில், மூன்று கூறுகளில் முதற்கூற்றிலும் மூன்றாங்கூற்றிலும் தட்டு. மூன்றாவது அட்சரம் முதலாவதைப் போல. நான்காவது இரண்டாவதைப் போல. 'டிங், டிங்-க; டிங், டிங்-க' என்று வாயால் சொல்லிப் பார்த்தால் விளங்கிவிடும். இரண்டாம் நான்காம் அட்சரங்களில் இடக்கால் ஹை-ஹாட்டை மூட வேண்டும். காலம் துரிதமாக ஆக, திஸ்ரத்தின் அந்தச் சாய்வு மெல்ல மறைந்து தட்டுகள் சமமாகிவிடும். இதைக் கணக்காக எழுதி வைக்க முடியாது. ஒவ்வொரு கலைஞரும் அச்சாய்வைத் தமக்கேற்ற அளவில் வைத்துக்கொள்கிறார். நூறு டிரம் கலைஞர்களைக் கண்ணால் காணாமல் கேட்டாலும், இவர் இன்னார் என்று தேர்ந்த இரசிகர் சொல்லிவிடுவது இதனால்தான்.

இந்த நடையை மணிக்கட்டால் மட்டும் வாசித்தால் ஐந்து நிமிடத்தில் முன்னங்கை இறுகிவிடும். கட்டைவிரலும் சுட்டுவிரலும் குச்சிக்கு அச்சாக நிற்க, மற்ற மூன்று விரல்களும் தளர்வாகச் சூழ்ந்திருக்க வேண்டும். சிம்பலில் பட்ட குச்சி தானே துள்ளி எழும். அத்துள்ளலைத் தடுக்காமல், விரல்களால் மெல்லத் திருப்பி அனுப்பினால், '-க' என்ற சிறு தட்டும் அதையடுத்த 'டிங்'கும் ஒரே அசைவில் அமைந்துவிடும். மிருதங்கம் பயில்வோர்க்கு விரலின் சிக்கனம் புதிதன்று. அவர்கள் இதனை விரைவில் பற்றிக்கொள்வார்கள். நுனி விழும் இடமும் முக்கியம். குமிழை நெருங்கினால் தட்டுகள் தனித்தனியே தெளிவாகக் கேட்கும். விளிம்பை நெருங்கினால் ஓசைகள் ஒன்றோடொன்று கலந்து அடியில் ஓர் இரைச்சல் பெருகும். பாடகருக்குத் துணையாக வாசிக்கும்போது அந்த இரைச்சல் சொற்களின் மெய்யெழுத்துக்களையே முதலில் விழுங்கும். 'ச', 'த', 'ட' முதலிய எழுத்துக்களுக்குரிய உயர்ந்த ஒலிகள் இருக்கும் இடத்தில்தான் சிம்பலின் பளபளப்பும் குடியிருக்கிறது. பாட்டு நடக்கையில் குமிழின் பக்கம் ஓரிரண்டு அங்குலம் நகர்ந்து வாசித்தால் போதும். ஒலி குறையாமலே பாடல் தெளிவுபெறும்.

முழக்கத்துக்கென்று அமைந்த 'கிராஷ்' சிம்பல் பற்றி இரண்டொரு செய்திகள் கூறவேண்டும். தட்டுகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். இது ரைடைவிட மெல்லியது. குறுக்களவு பெரும்பாலும் 16 முதல் 18 அங்குலம். விறகு பிளப்பதுபோல் விளிம்பை நேருக்கு நேர் தாக்குவது பெரும் பிழை. குச்சியின் தோள், விளிம்பின் மேல் சாய்வாகப் பட்டு, தொட்ட மாத்திரத்தில் ஒரு பக்கமாக வழுகி விலகிச் செல்ல வேண்டும். தட்டை வாசிப்பவரை நோக்கிச் சற்றே சாய்த்து வைப்பது இதற்கு உதவும். செங்குத்தாக நிறுத்திவைத்தாலோ, கைக்கு எட்டா உயரத்தில் வைத்தாலோ விளிம்பு நேரடியாகவே அடி வாங்கும். தட்டைத் தாங்கியில் இறுகத் திருகிவிடுவது அடுத்த பிழை. ஊஞ்சல்போல் ஆடவேண்டிய தட்டு அவ்வாறு ஆட முடியாதபோது, அடியின் சக்தி முழுவதும் உலோகத்துக்குள்ளேயே அடைபட்டு விரிசலாக வெளிப்படும். மேலும் கீழும் கம்பளி வளையங்களும், நடுத்துளையில் உறையும் இருக்கவேண்டும்; இல்லையேல் இரும்புத் தண்டு துளையை அரித்துவிடும். முழக்கத்தோடு பெரிய டிரம்மையும் சேர்த்து மிதிப்பது வழக்கம். சிம்பலுக்கு அடிநாதம் கிடையாது. அதை டிரம் தருகிறது. இருவேறு உலோகத்தன்மையும் தோல்தன்மையும் ஒரே கணத்தில் இணையும்போது, சிம்பலைப் பாதி பலத்தில் தட்டினாலும் போதுமானதாக இருக்கும்.

ஒலியை எழுப்பத் தெரிந்ததுபோல் நிறுத்தவும் தெரிய வேண்டும். முழக்கம் எழுந்தவுடன் விளிம்பைக் கையால் பற்றினால் ஓசை வெட்டுண்டதுபோல் நிற்கும். அடுத்து வரும் மௌனம் மிகுந்த சுவையுடையதாகும். குச்சிக்குப் பதிலாக நூல் சுற்றிய மென்தலைக் கோல்கள் இரண்டைக் கொண்டு, தட்டின் இடப்புற விளிம்பிலும் வலப்புற விளிம்பிலும் மாறி மாறித் தட்டினால், அடிகள் மறைந்து ஓசை மட்டும் கடலலை போல் எழும்பி வரும். இதில் அவசரம் கூடாது. மேற்சொன்ன பளபளப்பு எழுவதற்குச் சிறிது நேரம் ஆகுமாதலால், இசையின் உச்சத்துக்கு முன்னதாகவே தொடங்கி மெல்ல வளர்க்க வேண்டும். கைகளை மிக விரைவாக ஓட்டினால் தட்டு தன் அதிர்வைத் தானே இழந்துவிடும். கம்பித் துடைப்பம் போன்ற தூரிகைகளால் வாசிப்பதும் உண்டு. மெதுவான பாடல்களுக்கு அதற்கு இணை இல்லை என்பது என் எண்ணம்.

சிறிய அறையில் பயில்வோர் செவிகளைக் காத்துக்கொள்ள வேண்டும். சிம்பலின் உயர்ந்த ஒலிகள் நாள்தோறும் அருகிலிருந்து தாக்கினால், செவியின் நுண்ணிய உறுப்புகள் பழுதுறும், பழுதுற்றவை மீள்வதில்லை. செவியடைப்பான்களை அணிந்து பயில்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. அவை கையையும் அடக்குகின்றன. பயிற்சியை ஒலிப்பதிவு செய்து கேட்பதும் நல்லது. ஆசனத்தில் இருப்பவர் காதில் அளவாகத் தோன்றியது, பத்தடி தள்ளிவைத்த ஒலிவாங்கியில் வேறு விதமாகப் பதிவாகியிருப்பதைக் காணலாம்.

விளிம்பில் சிறு விரிசல் கண்டால் அதை அலட்சியம் செய்யலாகாது. ஒவ்வோர் அடிக்கும் அது நீண்டுகொண்டே போகும். விரிசல் முடியும் இடத்தில் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாமல் நிற்கக்கூடும். ஆயினும் பழைய நாதம் திரும்பும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. துப்புரவு பற்றியும் ஒரு சொல். வெண்கலம் என்றதும் புளியைத் தேடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதைச் சிம்பலிடம் காட்ட வேண்டாம். சொரசொரப்பான பொடிகளும் கூடா; தட்டின் மேல் கடைசலில் வீழ்ந்த நுண்ணிய வரிகளை அவை தேய்த்துவிடும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பைக் கரைத்து, மெல்லிய துணியால் வரிகளின் போக்கிலேயே துடைத்து, ஈரம் போக உலர்த்தினால் போதும். நாளடைவில் தட்டு கருத்துவிடுகிறதே என்று கவலைப்பட வேண்டியதில்லை. கருத்த தட்டின் அடங்கிய நாதத்தையே விரும்பி, பல ஆண்டுகள் அதைத் துலக்காமல் வைத்திருக்கும் கலைஞர்கள் பலர் உண்டு.